ஒரே வெயிட்... வேற வேற ஆபத்து!

ரெண்டு டாக்டர்கள் பக்கத்துல பக்கத்துல நிக்கிற ஒரு போட்டோ. 2004-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் வந்தது. ஒருத்தர் புனே கே.இ.எம். மருத்துவமனையைச் சேர்ந்த யாஜ்னிக். இன்னொருத்தர் லண்டனைச் சேர்ந்த யூட்கின். உயரத்தையும் எடையையும் வச்சுப் போடுற கணக்கான பி.எம்.ஐ., ரெண்டு பேருக்கும் அச்சு அசலா 22.3. ஜிம் வாசல்ல மாட்டியிருக்கிற சார்ட்டைக் கேட்டா, 'ரெண்டு பேருமே செம ஃபிட்'னு சொல்லிடும்.

ஆனா, உடம்புல கொழுப்பு எவ்வளவுன்னு அளந்து பார்த்தா... லண்டன்காரருக்கு 9.1 சதவீதம். நம்ம புனேக்காரருக்கு 21.2 சதவீதம்! ஒருத்தர் மாரத்தான் ஓடுறவர், இன்னொருத்தருக்குக் காலையில ஆஸ்பத்திரி லிஃப்ட் கதவு மூடுறதுக்குள்ள ஓடிப் போய் ஏறுறதுதான் எக்சர்சைஸ்னு அந்தக் கட்டுரையிலேயே கிண்டல் பண்ணிக்கிட்டாங்க ரெண்டு பேரும்.

பி.எம்.ஐ. நம்ம சி.ஜி.பி.ஏ. மாதிரி பாஸ். மொத்தத்துல 7.5-னு சொல்லும். எந்தப் பேப்பர்ல தூள் கிளப்பினோம், எந்தப் பேப்பர்ல ஜஸ்ட் பாஸ்ங்கிற கதை அதுல வராது. உடம்புக் கொழுப்பிலும் இதே கதைதான். எவ்வளவு இருக்குங்கிறது ஒரு கேள்வி. எங்கே இருக்குங்கிறது இன்னொரு கேள்வி. இந்த ரெண்டாவது கேள்வி, நம்ம அம்மாக்களையும் பெரியம்மாக்களையும் தாக்கக்கூடிய ஒரு புற்றுநோய்ல ரொம்பவே முக்கியமாகுது. அதைப் பத்தித்தான் இந்த வாரம் பேசப்போறோம். பசங்களே, 'இது லேடீஸ் மேட்டர்'னு பக்கத்தைப் புரட்டிடாதீங்க. உங்க வீட்லயும் அம்மா இருக்காங்க!

எந்த கேன்சர் இது?

கர்ப்பப்பை கேன்சர்னு சொன்னதும் நமக்கு ஞாபகம் வர்றது கர்ப்பப்பை வாய் புற்றுநோய். ஹெச்.பி.வி. வைரஸ், தடுப்பூசி, பாப் ஸ்மியர் டெஸ்ட் எல்லாம் அதுக்கானது. நாம பேசப்போறது அது இல்லை. கர்ப்பப்பையோட உள்சுவர்ல வர்ற கேன்சர். அந்தச் சுவருக்கு 'எண்டோமெட்ரியம்'னு பேரு. மாசாமாசம் வளர்ந்து, குழந்தை தங்கலைன்னா உதிர்ந்து ரத்தமா வெளியேறுதே, அதே சுவர்தான்.

2022-ல் மட்டும் உலகம் முழுக்கச் சுமார் 4 லட்சத்து 20 ஆயிரம் பெண்களுக்குக் கர்ப்பப்பையின் உடல் பகுதியில் கேன்சர் கண்டுபிடிக்கப்பட்டிருக்கு. அதுல பெரும்பாலானது இந்த உள்சுவர் கேன்சர்தான். அதே வருஷம் இறந்தவங்க ஏறக்குறைய 98 ஆயிரம் பேர். பெரும்பாலும் மாதவிடாய் நின்ற பிறகு வர்ற நோய்.

உடல் பருமனோட நெருக்கமான சம்பந்தம் உள்ள கேன்சர்கள்ல முதல் வரிசையில நிக்கிறது இதுதான். 2008-ல் 'லான்செட்'டில் வந்த ஒரு பெரிய ஆய்வுத் தொகுப்பு, பி.எம்.ஐ. 5 புள்ளி கூடினா இந்த கேன்சர் வர்ற வாய்ப்பு சுமார் 1.6 மடங்கு ஆகுதுன்னு கணக்குப் போட்டது. 155 செ.மீ. உயரமுள்ள ஒருத்தருக்கு 5 புள்ளிங்கிறது கிட்டத்தட்ட 12 கிலோ. கல்யாணத்துக்கு அப்புறம் இருபது வருஷத்துல நம்ம வீட்டுப் பெண்கள் பலருக்கு ஏறுற எடைதான் அது.

கொழுப்பு ஒரு ஃபேக்டரி!

கொழுப்புன்னா சும்மா மூட்டை மாதிரி ஓரமா கிடக்கிற சரக்குன்னு நினைச்சீங்கன்னா தப்பு. அது ஓடிக்கிட்டே இருக்கிற ஒரு ஃபேக்டரி. கொழுப்புத் திசுவுல 'அரோமட்டேஸ்'னு ஒரு என்சைம் இருக்கு. உடம்புல சுத்துற ஆண்ட்ரோஜன் ஹார்மோனைப் பிடிச்சு, ஈஸ்ட்ரோஜனா மாத்துறது அதோட வேலை.

ஈஸ்ட்ரோஜன், கர்ப்பப்பை உள்சுவரைப் பார்த்து 'வளரு, வளரு'ன்னு ஆர்டர் போடுற ஹார்மோன். 'போதும், நிறுத்து'ன்னு பிரேக் போடுறது புரோஜெஸ்டிரோன். மாதவிடாய் ஒழுங்கா வர்ற வயசுல ரெண்டும் மாத்தி மாத்தி டியூட்டி பார்க்கும். மாதவிடாய் நின்ன பிறகு சினைப்பை ரிட்டயர் ஆகிடும், பிரேக் கிடையாது. ஆனா கொழுப்பு ஃபேக்டரி மட்டும் ஓவர்டைம் பார்த்து ஈஸ்ட்ரோஜனைத் தள்ளிக்கிட்டே இருக்கும். ஆக்சிலரேட்டர் மட்டும் இருக்கிற வண்டி என்ன ஆகும்? அதுதான் நடக்குது. சுவர் தடிக்குது. வருஷக்கணக்கில் தடிக்கிற சுவர்ல என்னிக்காவது ஒருநாள் செல்கள் தடம் மாறிடலாம்.

இது வெறும் தியரி இல்லை. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு வர்ற தொல்லைகளுக்காக அமெரிக்காவுல ஒரு காலத்துல ஈஸ்ட்ரோஜன் மாத்திரையைத் தனியா கொடுத்துக்கிட்டிருந்தாங்க. அந்த மாத்திரை சாப்பிட்டவங்களுக்கு இந்த கேன்சர் பல மடங்கு அதிகமா வருதுன்னு 1975 டிசம்பர்ல ஒரே இதழ்ல ரெண்டு ஆய்வுகள் வந்து ஷாக் கொடுத்தது. அதுக்கப்புறம்தான் கர்ப்பப்பை இருக்கிறவங்களுக்கு ஈஸ்ட்ரோஜன் கொடுத்தா கூடவே புரோஜெஸ்டிரோன் வகை மருந்தும் சேர்க்கிற வழக்கம் வந்தது.

தோலுக்கு அடியிலயா, குடலைச் சுத்தியா?

இப்போ இடத்துக்கு வருவோம். 1947-லேயே ஃப்ரான்ஸின் மார்சேய் நகர டாக்டர் ஜான் வாக் ஒரு விஷயத்தைக் கவனிச்சார். குண்டா இருக்கிற எல்லாருக்கும் சர்க்கரை நோய் வர்றதில்லை. உடம்போட மேல் பகுதியிலயும் வயித்துலயும் கொழுப்பு சேர்றவங்களுக்குத்தான் அதிகமா வருது. தொடையிலயும் இடுப்புக்குக் கீழயும் சேர்றவங்களுக்கு அந்த அளவுக்கு இல்லை. பத்திரிகைகள்ல 'ஆப்பிள் உடம்பு', 'பேரிக்காய் உடம்பு'ன்னு படிச்சிருப்பீங்களே... அதோட ஆரம்பம் இங்கதான்.

வயித்துலேயே ரெண்டு வகை கொழுப்பு இருக்கு. விரலால கிள்ளினா மாட்டுதே, அது தோலுக்கு அடியில இருக்கிறது. இன்னொண்ணு கிள்ளினா மாட்டாது. வயித்துத் தசைக்கு உள்ளே, குடலையும் கல்லீரலையும் சுத்தி ஒளிஞ்சிருக்கும். இதுக்குப் பேரு உள்ளுறுப்புக் கொழுப்பு. பிரச்னை பார்ட்டி இதுதான்! இதிலிருந்து கிளம்புற கொழுப்பு அமிலமும், அழற்சியைத் தூண்டுற ரசாயனங்களும் நேரா கல்லீரலுக்குப் போற ரத்தக்குழாய்ல கலக்குது. இன்சுலின் சரியா வேலை செய்யாம, உடம்பு இன்னும் இன்னும் இன்சுலினைச் சுரக்குது. இன்சுலினும் செல்களை வளரச் சொல்ற ஹார்மோன்தான். போதாக்குறைக்கு, ரத்தத்துல ஈஸ்ட்ரோஜனைப் பிடிச்சு வச்சிருக்கிற புரதத்தோட அளவையும் அது குறைச்சிடுது. அப்புறம் என்ன... கட்டவிழ்ந்த ஈஸ்ட்ரோஜன் கூடுதலா சுத்தும்.

குழப்பம் எங்கே?

'சரி, குண்டா இருந்தா நோய் வர்ற வாய்ப்பு அதிகம். அப்போ நோய் வந்த பிறகும் குண்டா இருக்கிறவங்கதான் அதிகமா பாதிக்கப்படுவாங்க'... இப்படித்தானே லாஜிக் போகும்? இங்கதான் ட்விஸ்ட்.

1983-ல் ரஷ்ய டாக்டர் போக்மன் இந்த கேன்சரை ரெண்டு வகையா பிரிச்சார். ஈஸ்ட்ரோஜனால வளர்ற முதல் வகை, பருமனான பெண்களுக்கு அதிகமா வரும். பெரும்பாலும் மெதுவா வளரும், சிகிச்சைக்கு நல்லா ஒத்துழைக்கும். ரெண்டாவது வகைக்கு ஈஸ்ட்ரோஜன் தேவையில்லை. ஒல்லியா இருக்கிறவங்களுக்கும் வரும், வேகமா பரவும். 2013-க்குப் பிறகு மரபணுக்களை வச்சு நாலு வகையா பிரிக்க ஆரம்பிச்சுட்டாங்க. ஆனாலும் போக்மன் காட்டிய அந்த முரண் அப்படியே இருக்கு. நோயைக் கொண்டுவர்ற அதே பருமன், பல நேரம் 'சாதுவான' கட்டியோடதான் வருது. அதனால பி.எம்.ஐ.யை மட்டும் வச்சுக்கிட்டு இந்த நோயாளி எப்படி இருப்பாங்கன்னு கணிக்கப் பார்த்தா, ஒரு ஆய்வு ஒண்ணு சொல்லுது, இன்னொரு ஆய்வு வேற சொல்லுது.

ஸ்கேனுக்குள்ளே ஒரு சர்வே லேப்!

நார்வே நாட்டு பெர்கன் நகர ஆராய்ச்சியாளர்கள் யோசிச்ச விதம் நம்ம எஞ்சினியரிங் பசங்களுக்கு ரொம்பப் பிடிக்கும். இந்த கேன்சருக்கு ஆபரேஷனுக்கு முன்னாடி அங்கே நோயாளிகளுக்கு சி.டி. ஸ்கேன் எடுப்பாங்க. அந்தப் படத்துல கேன்சரை மட்டும்தான் பார்ப்பாங்களா என்ன? கொழுப்பும் அதுலயே இருக்கே!

சி.டி. படத்துல ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு நம்பர் உண்டு. தண்ணீருக்கு 0, காற்றுக்கு மைனஸ் 1000. சி.டி. ஸ்கேனைக் கண்டுபிடிச்சதுக்காக 1979-ல் நோபல் பரிசு வாங்கியவர்கள்ல ஒருத்தரான ஹவுன்ஸ்ஃபீல்டு பெயர்லதான் இந்த அலகு இருக்கு. அவரும் நம்ம இனம்தான், எஞ்சினியர்! கொழுப்போட நம்பர் சுமாரா மைனஸ் 190-லிருந்து மைனஸ் 30-க்குள்ள வரும். அந்த ரேஞ்சுல இருக்கிற புள்ளிகளை எல்லாம் கம்ப்யூட்டரை எண்ணச் சொன்னா கொழுப்போட அளவு கைக்கு வந்துடும். வயித்துத் தசையை எல்லைக்கோடா வச்சு, வெளியே எவ்வளவு, உள்ளே எவ்வளவுன்னும் பிரிச்சுடலாம். சர்வே லேப்ல நிலத்தை அளக்கிறோமே, அதே வேலை. எக்ஸ்ட்ரா ஊசி இல்லை, எக்ஸ்ட்ரா ஸ்கேனும் இல்லை.

இருநூறுக்கும் மேற்பட்ட பெண்களோட ஸ்கேனை இப்படி அளந்து, 2017-ல் அந்தக் குழு ரிசல்ட்டை வெளியிட்டது. வயித்துல இருக்கிற மொத்தக் கொழுப்புல, உள்ளுறுப்புகளைச் சுத்தி இருக்கிற பங்கு எத்தனை சதவீதம்? இந்தப் பங்கு அதிகமா இருந்த பெண்கள், இந்த கேன்சரால இறக்கிற வாய்ப்பு கூடுதலா இருந்தது. வயசு, நோய் எந்த நிலையில இருக்குங்கிற மற்ற விஷயங்களைக் கணக்குல எடுத்த பிறகும் அந்த வித்தியாசம் மறையலை. கவனிங்க... மொத்த எடை இல்லை, பங்கு!

இது ஒரு நாட்டுல, ஒரு ஊர்ல நடந்த ஆய்வு. உள்ளுறுப்புக் கொழுப்பேதான் ஆளைக் கொல்லுதுன்னு இதை வச்சு அடிச்சுச் சொல்ல முடியாது. எல்லா ஆய்வும் ஒரே குரல்ல பேசுறதும் இல்லை. ஆனா, எடை மெஷின் முள்ளை மட்டும் பார்த்துட்டு நோயாளியை எடை போடக்கூடாதுங்கிற பாடம் மட்டும் தெளிவு.

கேன்சரை ஜெயிச்ச பிறகு...

இன்னொரு அதிர்ச்சியும் இருக்கு. இந்த கேன்சர் கர்ப்பப்பைக்குள்ளேயே இருக்கும்போது கண்டுபிடிச்சா, அமெரிக்கப் புள்ளிவிவரப்படி அஞ்சு வருஷம் தாண்டி உயிரோட இருக்கிறவங்க சுமார் 95 சதவீதம். சூப்பர்ல? ஆனா, கேன்சரைத் தாண்டி வந்த பெண்கள் அப்புறம் எதனால இறக்கிறாங்கன்னு பார்த்த ஒரு அமெரிக்க ஆய்வு 2012-ல் சொன்ன பதில்... இதயநோய்! இந்த நோயாளிகளோட மரணத்துக்கு முதல் காரணம் கேன்சர்கூட இல்லை. 2006-ல் வந்த இன்னொரு ஆய்விலும் இதே வாடைதான். பி.எம்.ஐ. 40-க்கு மேல இருந்தவங்களுக்கு கேன்சர் திரும்ப வர்றது கூடலை. ஆனா, வேற காரணங்களால இறப்பு கூடியிருந்தது.

இதயநோய், சர்க்கரை நோய்னா முதல் குற்றவாளிப் பட்டியல்ல யாரு? நம்ம பிரச்னை பார்ட்டி, உள்ளுறுப்புக் கொழுப்புதான். ஆக, ஆபரேஷன் முடிஞ்சு 'கட்டி போயிடுச்சு, இனி கவலையில்லை'ன்னு வீட்டுக்கு வர்ற அம்மாவுக்கு பிரஷர், சுகர், கொலஸ்ட்ரால் டெஸ்ட்டும் சிகிச்சையோட ஒரு பகுதிதான். அதை ஞாபகப்படுத்த வேண்டியது நாம.

நம்ம ஊர் உடம்பு

அந்த புனே டாக்டரோட கதை அவரோட தனிக்கதை இல்லை. தெற்காசியர்களுக்குப் பொதுவா எடை கம்மியா இருக்கும்போதே வயித்துக்குள்ள கொழுப்பு சேர்ந்துடும். அதனாலதான் இந்திய டாக்டர்கள் பி.எம்.ஐ. 25-ஐத் தாண்டினாலே பருமன்னு வச்சிருக்காங்க. மேலை நாடுகள்ல அது 30. இடுப்புச் சுற்றளவு பெண்களுக்கு 80 செ.மீ., ஆண்களுக்கு 90 செ.மீ. தாண்டினா உஷார்.

சென்னையைச் சேர்ந்த மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து நாடு முழுக்க நடத்திய ஆய்வு 2023-ல் வந்தது. பி.எம்.ஐ. கணக்குப்படி பருமனானவங்க 28.6 சதவீதம். இடுப்பு அளவுப்படி பார்த்தா 39.5 சதவீதம்! அதாவது, 'நான் நார்மல் வெயிட்தான்'னு நிம்மதியா இருக்கிற கூட்டத்துக்குள்ளயும் தொப்பைப் பார்ட்டிகள் நிறைய பேர் ஒளிஞ்சிருக்காங்க. 2025 ஜனவரியில் சர்வதேச நிபுணர் குழு ஒண்ணும் இதையே சொன்னது. ஒருத்தருக்குப் பருமன் நோய் இருக்கான்னு முடிவு பண்ண பி.எம்.ஐ. மட்டும் போதாது, இடுப்பையும் அளங்கன்னு.

காலேஜ் கேர்ள்ஸ் கவனத்துக்கு!

நம்ம வயசுல இந்த கேன்சர் ரொம்ப ரொம்ப அபூர்வம். பயப்படத் தேவையில்லை. ஆனா 'நீர்க்கட்டி'ன்னு வீட்ல சொல்ற பி.சி.ஓ.எஸ். பிரச்னை இருக்கிற தோழிகளுக்கு ஒரு வார்த்தை. கருமுட்டை ஒழுங்கா வெளியேறலைன்னா புரோஜெஸ்டிரோன் சுரக்காது. மறுபடியும் அதே பிரேக் இல்லாத வண்டி! இந்தப் பிரச்னை இருக்கிறவங்களுக்குப் பிற்காலத்துல இந்த கேன்சர் வர்ற வாய்ப்பு மத்தவங்களைவிட ஏறக்குறைய மூணு மடங்குன்னு 2014-ல் வந்த ஆய்வுத் தொகுப்பு சொல்லுது. அப்பவும் பெரும்பாலானவங்களுக்கு இது வரப்போறதில்லை.

'மூணு மாசமா பீரியட்ஸே வரலைடி, ஜாலி'ன்னு ஹாஸ்டல்ல சிரிச்சுட்டுப் போற விஷயம் மட்டும் இல்லை இது. மூணு மாசம் தாண்டினா டாக்டரைப் பாருங்க. சுவரை உதிர வைக்க மாத்திரை இருக்கு. 'கல்யாணம் ஆனா சரியாயிடும்'ங்கிறது மருந்து இல்லை!

அம்மாகிட்ட கேட்க வேண்டிய ஒரு கேள்வி

இந்த கேன்சர்கிட்ட ஒரு நல்ல குணம் இருக்கு. பெரும்பாலும் சொல்லிட்டுத்தான் வரும். மாதவிடாய் நின்ன பிறகு இந்த நோய் வந்தவங்கள்ல 10-க்கு 9 பேருக்கு ரத்தப்போக்கு முன்னறிவிப்பா இருந்திருக்கு. அதே சமயம், அப்படி ரத்தப்போக்கு வர்றவங்கள்ல சுமார் 10-ல் ஒருத்தருக்குத்தான் கேன்சர். மத்தவங்களுக்குச் சின்னச் சின்னக் காரணங்கள். யாரு அந்த ஒருத்தர்னு வீட்ல உட்கார்ந்து கண்டுபிடிக்க முடியாது. ஒரு ஸ்கேன் எடுத்துச் சுவரோட தடிமனைப் பார்ப்பாங்க. 4 மி.மீட்டரைத் தாண்டினா துளி சதை எடுத்து டெஸ்ட் பண்ணுவாங்க. அவ்வளவுதான்.

ஆனா நம்ம வீடுகள்ல என்ன நடக்குது? நின்னு மூணு வருஷம் கழிச்சு லேசா கறை பட்டா, 'உடம்பு சூடு'ன்னு வெந்தயம் ஊற வச்சுக் குடிச்சுட்டு அம்மா வேலையைப் பார்க்கப் போயிடுவாங்க. அப்பத்தா அதைக்கூடச் சொல்ல மாட்டாங்க. 'இந்த வயசுல இதை எப்படி வெளியே சொல்றது'ன்னு வெட்கம். நோய் தூரத்து உறுப்புகளுக்குப் பரவின பிறகு வந்தா, அந்த 95 சதவீதம் 20-ஐ ஒட்டி இறங்கிடும். வெட்கத்துக்கு இவ்வளவு பெரிய விலையா?

குறைச்சா பலன் உண்டா? உண்டு. அமெரிக்காவுல மாதவிடாய் நின்ற 36 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களைத் தொடர்ந்து கவனிச்ச ஆய்வு 2017-ல் வந்தது. எடையில 5 சதவீதமோ அதுக்கு மேலயோ குறைஞ்சவங்களுக்கு, இந்த கேன்சர் வர்ற வாய்ப்பு சுமார் 29 சதவீதம் குறைவா இருந்தது. 70 கிலோ இருக்கிற அம்மாவுக்கு 5 சதவீதம்ங்கிறது மூணரை கிலோ. மலையைப் புரட்ட வேண்டாம்!

பெட்டிச் செய்தி: நூல் டெஸ்ட்!

* உங்க உயரத்துக்கு ஒரு நூலை வெட்டுங்க. அதைச் சரிபாதியா மடிச்சு இடுப்பைச் சுத்துங்க. முனைகள் ஒண்ணோட ஒண்ணு சேர்ந்தா ஓகே. சேரலைன்னா வயித்துக்கொழுப்பு கூடுதல். இடுப்பு அளவு உயரத்துல பாதிக்குள்ள இருக்கணும்ங்கிற இந்தக் கணக்கை 2022-ல் இங்கிலாந்தின் மருத்துவ வழிகாட்டி அமைப்பும் சிபாரிசு பண்ணியிருக்கு.

* அளக்க வேண்டிய இடம் பேன்ட் பெல்ட் போடுற இடம் இல்லை. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவுல. மூச்சை இயல்பா விட்டுட்டு அளங்க. எக்கக் கூடாது, அது காப்பி அடிக்கிற மாதிரி!

* சிட்-அப்ஸ் போட்டா தொப்பை மட்டும் தனியா கரையாது. நடை, ஓட்டம், சைக்கிள்னு மொத்த உடம்பும் வேலை செஞ்சா உள்ளுறுப்புக் கொழுப்பும் கரையும்.

* நூல் சேரலைங்கிறதுக்காக கேன்சர்னு அர்த்தம் இல்லை. சேர்ந்துடுச்சுன்னா வரவே வராதுன்னும் இல்லை. குடும்பத்துல சின்ன வயசுலேயே குடல் கேன்சரோ, இந்த கேன்சரோ வந்தவங்க இருந்தா, ஒல்லியா இருந்தாலும் டாக்டர்கிட்ட அதைச் சொல்லிடுங்க.

* யாரோட தொப்பையையும் கிண்டல் பண்ணாதீங்க. கிண்டலுக்குப் பயந்து ஆஸ்பத்திரிக்கே போகாம இருக்கிறவங்க உண்டு.

இந்த வாரம் ஊருக்கு போன் பண்ணும்போது 'சாப்டியா, மழை பெய்யுதா'வோட இன்னொரு கேள்வியும் சேர்த்துக்கோங்க. 'அம்மா, நின்ன பிறகு எப்பவாவது கறை பட்டுச்சா?' மகன் கேட்டா அம்மா கொஞ்சம் திகைப்பாங்க. பரவாயில்லை, அக்காவையோ சித்தியையோ விட்டுக் கேட்கச் சொல்லுங்க. அத்தைக்கும் அம்மாச்சிக்கும் அதே கேள்விதான். 'ஆமா'ன்னு பதில் வந்தா, செமஸ்டர் லீவு வரைக்கும் காத்திருக்க வேண்டாம். அந்த வாரமே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க!